நாலை வெட்டிய வியாழக்கிழமை

உங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார். “இயந்திரத்தைப் பற்றி வேண்டாம், அதற்குக் கையேடு இருக்கிறது. நீங்கள் மாட்டிக்கொண்ட கதைகளை எழுதுங்கள்” என்றார். மாட்டிக்கொண்ட கதைகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் எழுதத் தகுந்தது ஒன்றுதான். மற்றவற்றில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருடம் காலையில் ஜார்ஜ் டவுனில் ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, மாக் மண்டினில் இதே தொழிற்சாலையில் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் எழுத்து வேலை பார்ப்பவன். உங்கள் காலத்தில் அதற்கு எக்ஸிகியூட்டிவ் என்று பெயர். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே மேசை உத்தியோகம். கோணலாக ஒரு கோடு கண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இந்தக் கதையில் நடந்த கெடுதலுக்கு அந்தச் சுத்தம்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் செய்வது ரப்பர் வாஷர், குழாய் மூட்டுக்கு நடுவில் வைப்பது. அச்சிலிருந்து ஒரு தட்டு வாஷர் வெந்து வெளியே வந்ததும் அதற்கு ஒரு அடையாளம் கட்ட வேண்டும். அதே தட்டிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டு மாடியில் இருக்கும் பரிசோதனை அறைக்குப் போகும். அதற்கும் அதே அடையாளம். துண்டு தேறாவிட்டால் எந்தத் தட்டைத் தூக்கிப் போடுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்று உங்களுக்குப் பார்கோடு இருக்கிறது. அன்று எங்களுக்கு அலுமினியப் பட்டையில் எண் பதிக்கும் ஓர் உருளை இருந்தது. அதில் ஆறு எண்கள் தேய்ந்து மழுங்கிப்போய், மிச்சமிருந்தவை 1, 2, 3, 4. புது உருளை கேட்டோம். “நாலு நம்பர் இருக்கே” என்றார் தவுக்கே. தவுக்கே என்றால் எங்கள் சீன முதலாளி.

ஆக, பட்டை ஓடிக்கொண்டே இருக்கும்: 123412341234… முடிவே கிடையாது. நான்கு நான்காக வெட்டினால் எல்லாத் தட்டுக்கும் 1234 என்று ஒரே பெயர். பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பெயரை வைத்த கதைதான்.

இதற்கு வழி கண்டவர் பட்டை வெட்டும் பெண். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் நான் உட்பட எல்லாருக்கும் அவர் பைராம் அக்காதான். தவுக்கேயும் “அக்கா” என்றுதான் கூப்பிடுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அக்காவின் சட்டம் ஒரே வரி. பட்டையின் முனையிலிருந்து, இந்த வாரம் இதுவரை வெட்டாத துண்டுகளில் ஆகக் குட்டையானதை வெட்டு. முதல் துண்டு 1. அடுத்தது 2, பிறகு 3, பிறகு 4. ஐந்தாவதற்கு முனையில் மறுபடி 1 நிற்கும். அது ஏற்கெனவே போய்விட்டது, அதனால் 12. அடுத்து முனையில் 3. அதுவும் போய்விட்டது, 34. பிறகு 1 இல்லை, 12 இல்லை, 123. அப்படியே 41, 23, 412, 341, 234 என்று போகும். ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு வரவே வராது. திங்கட்கிழமை மறுபடி 1-லிருந்து தொடங்கி, அந்த வாரத்துக்கென்று ஒரு நிறத்தில் பொட்டு வைத்துவிடுவோம்.

எதையெல்லாம் வெட்டினோம் என்று நினைவு வைத்துக்கொள்ள ஒரு பேரேடு வேண்டுமே என்றேன். அக்கா மேசையில் நான்கு ஆணி அடித்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆணி. பட்டை முனையில் 3 நின்றால் மூன்றாம் ஆணியைப் பார்ப்பார். அதில் இரண்டு வாஷர் மாட்டியிருந்தால் மூன்று எண் நீளத்துக்கு வெட்டிவிட்டு, இன்னொரு வாஷரை மாட்டுவார். முடிந்தது வேலை. ஏதாவது ஒரு துண்டைக் காட்டினால் அது அந்த வாரத்தின் எத்தனையாவது தட்டு என்றும் சொல்லிவிடுவார். 341 என்றால் பதினொன்று. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பதினொன்றுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிற்பாடு என் மகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, கணக்கு படித்தவர்கள் இந்த மாதிரி எண் வரிசைகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“ஏன், அவங்களுக்கும் உருளை தேஞ்சு போச்சா?” என்று கேட்டார்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். ஈப்போவிலிருந்து ஒரு வியாபாரி புதிதாக எங்களிடம் சரக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார். புதன்கிழமை அவருடைய தட்டு ஒன்று திரும்பி வந்தது. வாஷரில் குற்றமில்லை. அடையாளத்தில் முன்னால் 4 நின்றது. நாலு சீனர்களுக்கு ஆகாது. ஊரில் பாதிக் கட்டடங்களில் நாலாம் மாடிக்கு 3A என்றுதான் பெயர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தவுக்கே என் மேசைக்கு வந்தார். “எம்பாட் டெப்பான் தாக் போலே லா, கிராணி” என்றார். முன்னால் நாலு வரக்கூடாது.

“இதை அக்காவிடம் சொல்லுங்கள்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “சரி தவுக்கே, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் வியாதி இது. உங்களுக்கும் வரும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபிட்டர் தம்பி வந்தான். பக்கத்து ஊரான பிறையில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் குழாய் மாட்டுகிறவன். மெலிந்த ஆள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ குடிப்பான். அன்றைக்கு அவனுடைய ஆலையில் கொதிநீர்க் குழாயை நிறுத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குத் திறந்துவிட வேண்டும்.

“அண்ணே, ரிசல்ட்டுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்ல. குடுங்க, போறேன்” என்றான்.

அவசரமென்றால் பரிசோதனை முடிவுக்கு முன்பே சரக்கைக் கொடுத்துவிடுவது அப்போது எங்கள் வழக்கம். தேறாத தட்டு வருடத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும் என்ற தைரியம். முந்தின நாள் செய்த தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சீட்டில் அதன் எண்ணை என் கையாலேயே எழுதினேன்: 12341. பெட்டியைப் பழைய டியூபால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பத்து மணிக்கு அக்கா புதுத் துண்டுகளை என் மேசையில் வைத்துவிட்டு அச்சுப் பக்கம் போனார். கட்டுவது என் வேலை. துண்டு 412341. முன்னால் நாலு. தவுக்கேக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து முன்னால் இருந்த நாலை மட்டும் சுத்தமாக நறுக்கினேன். தட்டுக்கான துண்டிலும் நறுக்கினேன், பரிசோதனைக்கான துண்டிலும் நறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

நாலை நறுக்கினால் மிச்சம் என்ன என்று நீங்கள் இப்போது எழுதிப் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு 12341 என்று எழுதிக் கொடுத்தவன், பத்து மணிக்கு இன்னொரு 12341-ஐ உண்டாக்கி வைத்தேன். இரண்டையும் செய்தது ஒரே மூளை.

பரிசோதனை அறையின் அடுப்பு புதன்கிழமை மக்கர் பண்ணியதால் இரண்டு நாள் ரப்பர்த் துண்டுகளும் அடையாளத்தோடு ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்து மேலே போயின. ஒன்று பத்துக்கு மேலேயிருந்து ஒரு சீட்டு இறங்கி வந்தது. 12341 தேறவில்லை. உள்ளே வேகவில்லை.

தவுக்கே அலமாரியைப் பார்த்தார். 12341 என்று ஒரு தட்டு கண்ணெதிரே இருந்தது. “நல்லவேளை, இன்னும் போகல” என்று அதைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எல்லாருக்கும் நிம்மதி.

அலமாரியில் இருந்தது நான் நறுக்கிய தட்டு. ஃபிட்டர் தம்பி எடுத்துக்கொண்டு போனது நறுக்காத தட்டு. இரண்டில் எது வேகாதது என்று அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. இரண்டு இருக்கின்றன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. பிறையில் இரண்டு மணிக்குக் குழாயைத் திறக்கும்போது பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கப் போகிறவன் அவன்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மேசையைத் துடைத்தேன். சீட்டுப் புத்தகங்களை ஒரே கோட்டில் அடுக்கினேன். ஐந்து நிமிடம் இருக்கும். பயம் என்றால் கை நடுங்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கை அன்றைப்போல ஒழுங்காக என்றைக்கும் வேலை செய்ததில்லை. பிறகு எழுந்து போய் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. “தம்பிக்குப் போன் போடுங்க” என்றார்.

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போகிறவர்கள் போனைக் காவலறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து ஆலை அலுவலகத்துக்குப் போட்டேன். ஷிப்ட் சூப்பர்வைசர் எடுத்தார். அவரும் நம்ம ஆள்தான்.

“காலைல உங்களுக்குக் கொடுத்த வாஷர் கெட்டதா இருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாம்னா என்னண்ணே? கன்பர்மா இல்லையா?”

“ஒன்று அதுவாக இருக்கும், இல்லையென்றால் இங்கே இருப்பது…”

“அண்ணே, எட்டு போல்ட்டும் டைட் பண்ணியாச்சு. இருக்கலாம்னு சொல்லி நான் லைனை நிறுத்த முடியாது லா. மேல கேப்பான். ஆமாவா, இல்லையா?”

எனக்கு எழுத்து வேலைக்காரன் நாக்கு. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அது பழகவில்லை. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“கன்பர்ம். கெட்டது. கை வைக்காதீங்க. தம்பியத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“யாரு பேசுறது?”

“பட்டை வெட்டுறவ.”

“சரி, நிறுத்துறேன். பத்து நிமிஷத்துல ரிப்போர்ட் அனுப்புங்க. இல்லாட்டி திறந்துடுவேன், பழி உங்க தலையில” என்றார் சூப்பர்வைசர்.

அக்கா போனை வைத்தார். “இப்ப கன்பர்ம் பண்ணுவோம்” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஓர் ஆலையையே ஒரு பொய்யால் நிறுத்தியிருந்தார். சரக்கு நல்லதாக இருந்துவிட்டால் அக்காவுக்கு வேலை போகும். தவறு செய்த எனக்கு ஒருவேளை போகாது, நான் மேசைக்காரன். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஆளைக் குழாயை விட்டு நகர்த்திய பிறகுதான் கணக்கைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்த பிறகு ஆளை நகர்த்தலாம் என்று நின்றவன். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

“நீங்க நறுக்கினது நாலுல ஆரம்பிச்சது, இல்லையா?” என்றார். “அப்படின்னா அதுக்கு முன்னால வெட்டின துண்டு மூணுலதான் முடிஞ்சிருக்கும். தம்பி கொண்டு போனது ஒண்ணுல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னால வெட்டினது நாலுல முடிஞ்சிருக்கும். பட்டை ஓடுறது ஒரே பட்டைதானே? லேப்ல கேளுங்க. தேறாததுக்கு மேல் வரியில என்ன எழுதியிருக்குன்னு.”

இருபத்தெட்டு வருட வேலையில் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது அந்த நிமிடம்தான். ஆணியும் வாஷரும் வைத்துக்கொண்டு விளையாடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பரிசோதனை அறைக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு மலாய்ப் பெண் இருந்தார். நிதானமானவர். பட்டியலை எடுத்தார். “கிராணி, இதே எண் இரண்டு தடவை இருக்கிறதே” என்று மலாயில் சொன்னார். தெரியும் என்றேன். சிவப்புக் குறி போட்ட வரிக்கு மேலே என்ன இருக்கிறது, ஒவ்வோர் எண்ணாக வாசியுங்கள் என்றேன். அக்கா போனில் காதை ஒட்டி வைத்துக்கொண்டார்.

மேல் வரி 1234 என்று இருந்தால் கெட்டது பிறையில். 1234123 என்று இருந்தால் கெட்டது எங்கள் அலமாரியில். தம்பியிடம் இருப்பது நல்ல சரக்கு, அக்கா வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“சத்து” என்றார் அந்தப் பெண். ஒன்று. “டுவா. தீகா. எம்பாட்.” இரண்டு, மூன்று, நான்கு.

நிறுத்தினார்.

“லாகி?” என்றேன். இன்னும் இருக்கிறதா?

தாள் புரளும் சத்தம் கேட்டது.

“ஹாபிஸ்” என்றார். முடிந்தது, அவ்வளவுதான்.

சரக்கு கெட்டது என்று தெரிந்து இரண்டு பேர் சந்தோஷப்பட்டது எங்கள் தொழிற்சாலையில் அதுதான் முதல் தடவை. அக்கா பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். கோணலாகத்தான் எழுதினேன்.

தவுக்கே சாப்பிட்டுவிட்டு வந்ததும் நானே போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டார். “இனிமே நாலைப் பத்தி அக்காகிட்ட சொல்றேன்” என்று மட்டும் சொன்னார். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம். ஈப்போ வியாபாரியின் சரக்குக்கு அக்கா அரை நிமிடத்தில் வழி சொன்னார்: “பட்டை முனையில நிக்கிற நாலை வெட்டணும்னா முதல்ல வெட்டிப் போட்டுட்டு, அப்புறம் ஆணியப் பாருங்க. ஆணியப் பாத்து வெட்டின துண்டுல மறுபடி கை வைக்காதீங்க.” உங்களுக்கு இப்போது ஆணி இல்லை. ஆனால் சரிபார்த்து முடித்த ஒன்றை அழகுக்காகத் தொடும் ஆசை உங்களுக்கும் இருக்கும்.

நாலு மணிக்கு ஃபிட்டர் தம்பி பெட்டியோடு வந்தான். எட்டு போல்ட்டையும் மறுபடி கழற்றிய கோபம் முகத்தில் இருந்தது. ஒரு வாஷரை எடுத்துக் கத்தியால் இரண்டாக வெட்டினான். மேலே கல் மாதிரி இருந்தது. நடுவில் பிசைந்த மாவு. கட்டைவிரலை வைத்து அழுத்தினான், உள்ளே இறங்கியது. கோபம் போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் தலையில் முடி குறைவு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“யாரு கண்டுபிடிச்சது?” என்றான்.

அக்கா என்னைக் காட்டினார். “கிராணி அண்ணன்தான் வந்து சொன்னாரு.”

அது பொய்யில்லை. தம்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “தம்பி, அந்த நாலை வெட்டினவன் நான்தான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“பரவாயில்லை தம்பி” என்று வந்தது.

அந்த வருடம் டுரியான் பருவத்தில் அவன் என் வீடு தேடி வந்தான். பாலிக் பூலாவில் அவன் மாமனார் வீட்டில் சில மரங்கள் உண்டு. இரண்டு பழம் கொண்டுவந்தான், அதுவும் பொறுக்கி எடுத்த பழம். அடுத்த வருடமும் வந்தான். அதற்கடுத்த வருடமும் வந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகும் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பழத்தைப் பிளப்பான், வாசனை வரும், அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். தவுக்கேயிடம் அன்றைக்கே சொல்ல முடிந்த எனக்கு இவனிடம் சொல்லப் பதின்மூன்று பருவம் ஆனது.

போன பருவத்தில் சொன்னேன். தரையில் நாளிதழை விரித்து அவன் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தபோது, கத்தரிக்கோலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைத் துடைத்த அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவன் நிமிரவில்லை. “தெரியும்ணே. அன்னைக்குச் சாயந்தரம் கேட்டுக்குப் போற வழியிலயே அக்கா சொல்லிட்டாங்க” என்றான்.

“தெரிஞ்சுமா வருஷா வருஷம் பழம் கொண்டாந்தே?”

ஒரு சுளையை எடுத்து என் பக்கம் வைத்தான்.

“முதல் ரெண்டு வருஷம் கோவத்துலதான் கொண்டாந்தேன். எப்ப சொல்றீங்கன்னு பாப்போமேன்னு. அப்புறம் பழகிப் போச்சு.”

அந்த முதல் இரண்டு வருடத்துப் பழங்களையும் நான் விரலைச் சப்பிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.